குத்தின் கனம்: ஹெவிவெயிட் வீரர்களைத் தலைமுறை தாண்டி ஒப்பிட முடியுமா?

1. கேள்வி

2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரியை இரண்டாம் முறையாகச் சந்திக்க மேடையேறியபோது, அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் டியான்டே வைல்டரின் கணக்கில் 43 தொழில்முறைப் போட்டிகள் இருந்தன. 42 வெற்றி, ஒரு சமன். அந்த 42 வெற்றிகளில் 41 நாக் அவுட். பட்டம் வென்ற ஹெவிவெயிட்டுகளில் இப்படியொரு விகிதம் வேறு யாருக்கும் இருந்ததில்லை. குத்துச்சண்டை வரலாற்றிலேயே மிக வலிய குத்து வைல்டருடைய வலக்கைதான் என்ற கூற்று இந்தக் கணக்கிலிருந்தே கிளம்பியது. ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, சானி லிஸ்டன், ஜார்ஜ் ஃபோர்மன், எர்னி ஷேவர்ஸ், மைக் டைசன் ஆகிய பெயர்களை முன்வைத்து மறுப்புகளும் எழுந்தன.

இக்கட்டுரை அந்த விவாதத்தில் ஒரு கட்சியை எடுத்துக்கொள்வதற்கு முன், அதன் அடித்தளத்தைச் சோதிக்கிறது. எந்தச் சான்றை வைத்து இப்படியொரு தீர்ப்பைச் சொல்ல முடியும்? விவாதத்தில் மூன்று வகைச் சான்றுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. முதலாவது பதிவேடு: வெற்றி தோல்விக் கணக்கும் நாக் அவுட் எண்ணிக்கையும். இரண்டாவது கருவி: ஆய்வகத்தில் அளக்கப்பட்ட விசை. மூன்றாவது வாங்கியவரின் உடலும் வாக்கும். இவற்றைத் தனித்தனியே எடைபோட்டால், மூன்றில் மிகக் குறைவாக மதிக்கப்படும் மூன்றாவதே வலுவானது என்பதும், அதையும் சில நிபந்தனைகளோடுதான் ஏற்க முடியும் என்பதும் தெரியவரும்.

2. பதிவேட்டின் சாட்சியம்

நாக் அவுட் விகிதத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விடை எளிது. ஃபோர்மன் 76 வெற்றிகளில் 68 நாக் அவுட், அதாவது 89 சதவீதம். டைசன் 50இல் 44; மார்சியானோ 49இல் 43; இருவரும் 88 சதவீதம். ஜோ லூயிஸ் 66இல் 52, ஏறத்தாழ 79 சதவீதம். வைல்டரோ 2020 தொடக்கத்தில் 97 சதவீதத்துக்கும் மேல்.

இந்த வரிசைப்படி லூயிஸ் கடைசியில் நிற்கிறார். ஆனால் 2003இல் 'தி ரிங்' இதழ் வெளியிட்ட எல்லாக் காலத்துக்குமான நூறு வலிய குத்துக்காரர்களின் பட்டியலில் முதலிடம் பெற்றவர் அவரே. அதே பட்டியலில் ஃபோர்மன் ஒன்பதாவது, ஷேவர்ஸ் பத்தாவது, டைசன் பதினாறாவது. மூன்றாம் இடத்தில் இருப்பவர் ஜிம்மி வைல்ட். சுமார் 49 கிலோ எடையே கொண்ட வேல்ஸ் நாட்டு ஃப்ளைவெயிட் வீரர். அந்த இதழ் அளந்தது விசையை அன்று. எடைக்கேற்ற திறனையும், எதிராளியின் தரத்தையும், நுட்பத்தையும், புகழையும் கலந்து ஒரு மதிப்பீட்டைத் தந்தது. பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதன் காரணம் இதுதான்: ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது.

வைல்டரின் விகிதத்துக்குள்ளும் சற்று நுழைந்து பார்க்க வேண்டும். அவருடைய முதல் 32 போட்டிகளும் நான்கு சுற்றுகளுக்குள் நாக் அவுட்டில் முடிந்தன. அந்த எதிராளிகளில் பெரும்பாலோர் உலகத் தரவரிசையின் அருகில்கூட இல்லாதவர்கள். 33ஆவது போட்டியில், 2015 ஜனவரியில், பட்டத்தை வைத்திருந்த பெர்மேன் ஸ்டிவெர்ன் எதிர்ப்பட்டதும் ஆட்டம் 12 சுற்றும் நீடித்து நடுவர்களின் புள்ளிகளில் முடிந்தது. 2017 நவம்பரில் அதே இருவரும் மீண்டும் மோதினர். இரண்டு ஆண்டுகள் மேடையேறாமல் இருந்த ஸ்டிவெர்ன் முதல் சுற்றிலேயே சாய்ந்தார். கை அதே கை, தாடை அதே தாடை. 2015இல் 12 சுற்று தாங்கியது 2017இல் ஒரு சுற்றுகூடத் தாங்கவில்லை. நாக் அவுட் என்பது குத்தியவரிடம் மட்டும் இருக்கும் குணம் என்று கொண்டால் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்து விளக்க முடியாது.

பதிவேடு வலிமையை மிகைப்படுத்துவது போலவே மறைக்கவும் செய்கிறது. 1977 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷேவர்ஸ் முகமது அலியோடு 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் தோற்றார். பதிவேட்டில் அது ஒரு தோல்வி, அவ்வளவே. இரண்டாம் சுற்றில் ஷேவர்ஸின் வலக்கை அலியை நிலைகுலைய வைத்தது. போட்டிக்குப் பின் அரங்கின் போட்டி அமைப்பாளர் டெடி பிரென்னர், அலியை இனி இங்கே ஆடவைக்க மாட்டோம் என்று அறிவித்தார். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ, அலியின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டிய பரிசோதனை அறிக்கையைக் கண்டு, ஓய்வு பெறும்படி எழுதி, பதில் வராததால் குழுவிலிருந்து விலகினார். ஷேவர்ஸின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று அவருடைய நாக் அவுட் வெற்றிகளில் அரிது. எந்த விகிதக் கணக்கிலும் இதற்கு இடமில்லை.

3. கருவியின் சாட்சியம்

பதிவேட்டின் மீதுள்ள சந்தேகம் இயல்பாகவே ஆய்வகத்தை நோக்கித் திருப்புகிறது. 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆதா, யீடன் முதலிய ஆய்வாளர்கள், அப்போது உலகத் தரவரிசையில் இருந்த ஹெவிவெயிட் ஃபிராங்க் புருனோவின் குத்தை அளந்து வெளியிட்டனர். 7 கிலோ எடையுள்ள, மெத்தை போர்த்திய, ஊசல்போலத் தொங்கவிடப்பட்ட இலக்கு. கை வந்து மோதிய வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். தொட்ட 14 மில்லிநொடிக்குள் விசையின் உச்சம் 4096 நியூட்டன். இலக்கு பெற்ற முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 53 மடங்கு.

2000இல் ஸ்மித் முதலியோர் பிரிட்டனில் வேறொரு கருவியைக் கொண்டு சோதித்தனர். இலக்கு மனித உருவில், நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அங்கே உயர்நிலை வீரர்களின் பின்கைக் குத்து சராசரியாக 4800 நியூட்டன், இடைநிலையினருடையது 3722, புதியவர்களுடையது 2381. 2005இல் வாலில்கோ, வியானோ, பிர் ஆகியோர் ஃப்ளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரையிலான ஏழு ஒலிம்பிக் வீரர்களை, கார் மோதல் சோதனைகளில் பயன்படும் பொம்மையின் முகத்தில் குத்தவைத்தனர். சராசரி விசை 3427 நியூட்டன், கை வேகம் நொடிக்கு 9.14 மீட்டர்.

இந்த எண்களை அப்படியே அடுக்கினால், உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்ட புருனோ, பிரிட்டனின் உயர்நிலை வீரர்களின் சராசரிக்கும் கீழே வந்து நிற்பார். யாரும் அதை நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. தொங்கும் இலக்கு பின்வாங்கிக்கொடுக்கும், நிலைத்த இலக்கு எதிர்த்து நிற்கும். இலக்கு மாறினால் எண்ணும் மாறும்.

இதை விளங்கிக்கொள்ள, இந்தக் கட்டுரை எழுதப்படும், சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் வெளியூர் உதாரணம் தேவையில்லை. சிவகாசி வட்டாரத்தில் செய்யப்படும் வெடிக்கு 1999இல் அறிவிக்கப்பட்ட ஒலி வரம்பு உண்டு: வெடிக்கும் புள்ளியிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் ஏ.ஐ. அல்லது 145 டெசிபல் சி உச்சம். அந்த எண்ணோடு விதி நின்றுவிடவில்லை. குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தரையில் அளக்க வேண்டும். 15 மீட்டர் வரை ஒலியைத் திருப்பியனுப்பும் சுவர் எதுவும் இருக்கக்கூடாது. சரவெடியானால் சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கேற்ப வரம்பு குறையும். தூரம், தரை, சுற்றுப்புறம் இவற்றைக் குறிப்பிடாமல் அணுகுண்டு பெரிதா லட்சுமி வெடி பெரிதா என்று பட்டாசு ஆலைக்காரர் யாரும் டெசிபலில் பேசமாட்டார். குத்துச்சண்டைக்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட தரமுறை இன்றுவரை கிடையாது. எனவே தொலைக்காட்சியில் வரும் 'விசை' எண்கள் ஒவ்வொன்றும் தத்தம் கருவிக்குள் மட்டுமே பொருளுடையவை.

கலப்பு தற்காப்புக் கலை வீரர் ஃபிரான்சிஸ் இங்கானு இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. அக்கலையின் போட்டி அமைப்பான யு.எஃப்.சி.யின் பயிற்சி மையத்தில் 'பவர்க்யூப்' கருவியில் அவர் 129,161 அலகுகளைப் பதிவுசெய்தார். அது நியூட்டன் கணக்கு அன்று, அந்தக் கருவி தனக்கென வைத்துக்கொண்ட அலகு. ஆனாலும் உலகின் மிக வலிய குத்து என்ற விளம்பரம் பரவியது. 2023 அக்டோபரில் ரியாத்தில் அவர் ஃப்யூரியை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார், ஆனால் ஃப்யூரி எழுந்து ஆடிப் புள்ளிகளில் வென்றார். நான்கு மாதங்களுக்குச் சற்று மேல் கழித்து அந்தோணி ஜோஷுவா இங்கானுவை இரண்டாம் சுற்றில் நாக் அவுட் செய்தார். ஜோஷுவாவின் குத்தை அந்தக் கருவி அளந்திருந்தால் எந்த எண் வந்திருந்தாலும், அந்த இரவின் முடிவை அது முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஆய்வகங்கள் நமக்குத் தரும் பயன் வேறு. குத்து எப்படி உருவாகிறது என்பதை அவை தெளிவாக்கியுள்ளன. 1985இல் வெளியான சோவியத் ஆய்வொன்றில் ஃபிலிமோனோவ் குழுவினர், முதல்தர வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு 38 சதவீதத்துக்கு மேல் என்றும், கீழ்நிலை வீரர்களிடம் அது 17 சதவீதத்தைத் தொடவில்லை என்றும் கணக்கிட்டனர். பெரிய எடையினரின் குத்து வலுப்பது கை வேகத்தைவிட மோதலில் கலந்துகொள்ளும் பயனுறு நிறையால்தான் என்பதை வாலில்கோ ஆய்வு காட்டியது. எடையை உள்ளே செலுத்தும் திறமையே கனமான குத்து. வடசென்னையின் குத்துச்சண்டை வாத்தியார்கள் காலடியிலிருந்து பயிற்சியைத் தொடங்குவதன் காரணமும் இதுவே.

மோதல் எங்கே, எந்தத் திசையில் விழுகிறது என்பது அடுத்த செய்தி. 1943இல் ஆக்ஸ்ஃபோர்டின் இயற்பியலாளர் ஹோல்போர்ன், மூளைக்குப் பதிலாக ஜெலட்டினை வைத்துச் செய்த சோதனைகளின் வழியே, மூளைக் காயத்துக்குத் தலை நேராகத் தள்ளப்படுவதைவிடச் சுழற்றப்படுவதே முதன்மையான காரணம் என்று வாதிட்டார். நெற்றியில் நேராக விழும் 5000 நியூட்டனைவிட, தாடையோரத்தில் எதிர்பாராமல் விழும் குறைந்த விசை தலையை வேகமாகத் திருப்பி நினைவைப் பறிக்கலாம். ஆக, விசையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது நாக் அவுட் வலிமையின் ஒரு பகுதியை மட்டுமே சொல்லும்.

4. வாங்கியவரின் சாட்சியம்

எஞ்சுவது, அடி வாங்கியவர்கள். இவர்களின் வாக்கு பெரும்பாலும் துணுக்காகவே எடுத்தாளப்படுகிறது. ஆனால் பல வலிய குத்துகளை ஒரே உடலில் வாங்கிய ஒருவரே ஒப்பீட்டுக்கு மிக நெருங்கிய அளவுகோல்.

லாரி ஹோம்ஸ் அத்தகைய ஒருவர். 1979 செப்டம்பரில் ஷேவர்ஸின் வலக்கை ஏழாம் சுற்றில் அவரைக் கீழே தள்ளியது. அவர் எழுந்து, பதினொன்றாம் சுற்றில் வென்றார். 1988 ஜனவரியில் டைசன் நான்காம் சுற்றில் அவரை மூன்று முறை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். பதிவேட்டை நம்பினால் டைசனே வலியவர். ஹோம்ஸோ பிற்காலத்தில் ஷேவர்ஸின் குத்தே பெரிது என்று சொல்லிவந்தார். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். 1979இல் ஹோம்ஸுக்கு வயது 29, உச்சகட்டம். 1988இல் 38, அதுவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓய்வுக்குப் பிறகு. ஷேவர்ஸ் ஒற்றைக் குத்தின் கனத்தால் வீழ்த்தினார். டைசன் தொடர்ச்சியாலும் வேகத்தாலும் முடித்தார். ஒற்றைக் குத்தின் அதிர்ச்சி, அடுக்கடுக்கான குத்துகளின் அழிவு ஆகிய இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் ஷேவர்ஸா டைசனா என்ற வாதம் முடிவதேயில்லை.

இதே முறையை வைல்டருக்குப் பொருத்தினால் ஃப்யூரியின் உடல் சாட்சிக்கு வருகிறது. மூன்று போட்டிகளில் நான்கு முறை வைல்டர் அவரைக் கீழே தள்ளினார்: 2018 டிசம்பரில் ஒன்பதாம், பன்னிரண்டாம் சுற்றுகளில், 2021 அக்டோபரில் நான்காம் சுற்றில் இரண்டு முறை. நான்கு முறையும் ஃப்யூரி எழுந்தார். இது வைல்டருக்கு எதிரான சான்றா? அவசரப்பட முடியாது, 115 கிலோவுக்கு மேல் எடையும் அசாதாரணமான மீளும் திறனும் கொண்ட ஒருவரை நான்கு முறை வீழ்த்தியது சிறிய செய்தியில்லை. ஆனால் அதே ஃப்யூரியை 2011இல் நெவன் பாய்கிச்சும், 2013இல் அவரைவிட மிக இலேசான ஸ்டீவ் கன்னிங்ஹாமும், பிறகு இங்கானுவும் தரையில் தள்ளியிருக்கிறார்கள். ஃப்யூரி விழுந்தார் என்பது மட்டும் வரலாற்றின் உச்ச வலிமைக்கு நிரூபணம் ஆகாது.

வைல்டருக்குச் சாதகமான வலிய சான்று வேறிடத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் கியூபாவின் லூயிஸ் ஓர்ட்டிஸ் ஆறு சுற்றுகள் முழுக்க நுட்பத்தால் முன்னிலை வகித்தார். மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் வைல்டர் பின்தங்கியிருந்தார். ஏழாம் சுற்றில் விழுந்த ஒரு நேர் வலக்கை அத்தனையையும் அழித்தது. முன்னதாக அடுக்கிய குத்துகளின் துணையின்றி, முழுத் தெம்போடு நின்ற திறமையான எதிராளியை ஒரே குத்து முடித்தது. ஒற்றைக் குத்தின் கனத்தை மற்றக் காரணிகளிலிருந்து இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் நிகழ்வுகள் குறைவு.

5. விதியும் உடலும் மாறிய கதை

தலைமுறை தாண்டிய ஒப்பீட்டில் இன்னொரு தடை, ஆட்டமே மாறிவிட்டது என்பது. 1919 ஜூலை 4 அன்று ஜாக் டெம்ப்ஸி, சுமார் 58 பவுண்டு அதிக எடை கொண்ட ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றில் ஏழு முறை வீழ்த்தினார். எண்ணிக்கை பிரமிக்க வைக்கிறது. ஆனால் அன்று, எதிராளி விழுந்ததும் நடுநிலை மூலைக்குச் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழும் வில்லர்டின் தலைமாட்டிலேயே டெம்ப்ஸி நின்றார். அந்த விதி வந்த பிறகு, 1927இல் ஜீன் டன்னியை வீழ்த்திய டெம்ப்ஸி மூலைக்குப் போகத் தாமதித்ததால் எண்ணுவதும் தாமதமானது. டன்னி எழுந்து வென்றார். ஒரே கைக்கு இரண்டு விதிகள், இரண்டு வரலாறுகள்.

எடையும் அப்படித்தான். 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டைப் பதின்மூன்றாம் சுற்றில் ஒரே வலக்கையால் சாய்த்தபோது மார்சியானோவின் எடை 184 பவுண்டு, ஏறத்தாழ 83 கிலோ. இன்றைய 200 பவுண்டு வரம்பின்படி அவர் ஹெவிவெயிட்டே இல்லை, குரூசர்வெயிட். பயனுறு நிறையே விசையைத் தீர்மானிக்கிறது என்றால், 2020இல் 231 பவுண்டு எடையோடு வந்த வைல்டர் எண்ணளவில் மேலே இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பார்த்தால் இன்றைய சாதாரண ஹெவிவெயிட்டுகள் பலரும் மார்சியானோவுக்கு மேலே வந்துவிடுவார்கள். நாம் தேடுவது அதுவா? பெரும்பாலோர் தேடுவது தன் காலத்து உடல்களுக்கிடையே ஒருவர் எவ்வளவு விலகி நின்றார் என்பதையே. அதைச் சொல்லிவிட்டு ஒப்பிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1980களில் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்ததையும், இன்றைய ஹெவிவெயிட்டுகள் 10 அவுன்ஸ் கையுறை அணிவதையும், முந்தைய தலைமுறைகளின் கையுறை அதைவிட இலேசாக இருந்ததையும் இதனோடு சேர்க்க வேண்டும். மார்சியானோ வால்காட்டைச் சாய்த்த பதின்மூன்றாம் சுற்று இன்றைய பட்டப் போட்டியில் இல்லவே இல்லை.

6. பட்டியலுக்கு வெளியே

வலியவர்களின் பட்டியல்கள் எல்லாம் தொழில்முறைப் பதிவேட்டையும் படச்சுருளையும் நம்பி எழுதப்பட்டவை. இவை இரண்டும் இல்லாத இடத்தில் வலிமை இருந்ததா என்ற கேள்வியையே அவை கேட்பதில்லை.

ஹரியானாவின் ஹவா சிங் 1966, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுகள் இரண்டிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். 1961 முதல் 1972 வரை தொடர்ந்து 11 முறை தேசியப் பட்டம் அவருடையது. பஞ்சாபின் கௌர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். 1980 ஜனவரி 27 அன்று டெல்லியில் அலியோடு நான்கு சுற்றுக் கண்காட்சி ஆட்டம் ஆடினார். இருவரும் ராணுவ வீரர்கள். அமெச்சூர் விதிகளின்படி மூன்று சுற்று, புள்ளிக் கணக்கு. அங்கே நாக் அவுட்டைத் தேடிப் போகும் அவசியமே குறைவு. ஹவா சிங்கின் குத்து ஷேவர்ஸுக்கு அருகில் வருமா என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போவது அவர் கையின் குறையால் நேர்ந்ததன்று. அவர் ஆடிய சந்தை வேறு.

வடசென்னையின் நிலை இன்னும் சிக்கலானது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் பரம்பரைகள் எனப்படும் குழுக்களின் 'ரோசமான குத்துச்சண்டை' ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்துப் பார்த்த ஆட்டம். கித்தேரி முத்து ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெரியை வீழ்த்தியதும், பெரியார் அவரைத் 'திராவிட வீரன்' என்று பாராட்டியதும் இன்றும் அங்கே சொல்லப்படுகின்றன. 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சி ஆட்டம் ஆடியபோது திரண்ட கூட்டத்துக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. 2021இல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' அந்த உலகைத் திரைக்குக் கொண்டுவந்தது.

பரம்பரை நினைவில் ஒரு வீரரின் குத்து எப்படிப் பதிவாகிறது? யாரை, எந்த மேடையில், எத்தனையாவது சுற்றில் என்றே அது சொல்லப்படுகிறது. மிகை இருக்கலாம், தம் பரம்பரைப் பாசம் நிச்சயம் இருக்கும். எனினும் சதவீதக் கணக்கு தவறவிடும் செய்தியை இந்த வடிவம் தவறவிடுவதில்லை: வாங்கியவரின் பெயர் எப்போதும் உடன் வருகிறது. ஆய்வாளர் இதை அப்படியே நம்பவேண்டியதில்லை. இதன் கேள்விமுறையைக் கடன் வாங்கலாம்.

7. முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளை முன்வைக்கலாம். ஒரு வீரரின் வலிமைக்கான சான்று, முதலாவதாக, தெம்பு குறையாத தரமான எதிராளியிடமிருந்து வர வேண்டும். இரண்டாவதாக, ஒற்றைக் குத்தா தொடர் அழிவா என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, ஒரே எதிராளியையோ ஒரே காலத்தையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஃபோர்மனின் சான்றே மிக அகலமானது. 1973 ஜனவரியில் தோல்வியே கண்டிராத ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். 21 ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பரில், 45 வயதில், அதேபோலத் தோல்வி காணாத மைக்கேல் மூரரைக் குறுகிய வலக்கையால் பத்தாம் சுற்றில் முடித்தார். இரண்டு தலைமுறை, இரண்டு தோல்வியறியாத சாம்பியன்கள், ஒரே கை. 1974இல் கின்ஷாசாவில் அலி அந்தக் குத்துகளைத் தாங்கி எட்டாம் சுற்றில் வென்றது ஃபோர்மனின் வலிமையைப் பொய்யாக்கவில்லை. வாங்கியவரின் தாக்குப்பிடிக்கும் திறனும் கணக்கில் உண்டு என்பதை உறுதிசெய்கிறது.

வைல்டரை, ஒற்றை வலக்கையின் கனத்தில், ஷேவர்ஸோடும் லூயிஸோடும் ஒரே வரிசையில் வைக்கலாம். ஓர்ட்டிஸ் போட்டியும் ஃப்யூரியை நான்கு முறை வீழ்த்தியதும் அதற்குப் போதும். அனைவருக்கும் மேலே வைப்பதற்கான சான்று இல்லை. அந்தக் கூற்றைத் தாங்கி நிற்பது 97 சதவீதம் என்ற எண். அந்த எண்ணைத் தாங்கி நிற்பது தரம் குறைந்த முதல் 32 எதிராளிகள்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு விலையும் உண்டு. 1928இல் அமெரிக்க நோயியலாளர் ஹாரிசன் மார்ட்லண்ட், ஓய்வு பெற்ற குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் தலையில் விழுந்த அடிகளோடு இணைத்து எழுதினார். ஷேவர்ஸ் போட்டிக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1984இல், அலிக்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. எந்த ஒரு குத்தையும் அதற்குக் காரணமாகச் சுட்ட முடியாது. ஆனால் வலிமைக்கு நம்மிடமுள்ள மிக நம்பகமான சான்று வாங்கியவரின் உடல் என்றால், வலியவர் யார் என்ற பட்டியலை எழுதும் எவரும் அந்த உடல்களுக்குப் பின்னர் நேர்ந்ததையும் அதே பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டவர்.